பர்ஸ் பத்திரம்

கும்பகோணத்தில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறியபோதே எங்கள் பெட்டி முழுக்க இட்லி மிளகாய்ப் பொடி வாசம் பரவிவிட்டது. பையன் பெங்களூருவில், பெண் மைசூரில். சனி, ஞாயிறு இரண்டு நாளில் இருவரையும் பார்த்துவிட்டு, ஊரையும் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். வத்தல், வடாம், நார்த்தங்காய் மனைவி பொறுப்பு. பர்ஸ் என் பொறுப்பு.

குடும்பத் தலைவன் என்றால் யார்? உல்லாசப் பயணத்தில் பர்ஸை எடுக்கிறவன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில் ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும், டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் நான் பின்பாக்கெட்டில் கை விடும் வரை எவரும் ஓர் அடி நகர முடியாது. ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்த்த பிறகு பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

லால்பாக் வாசலில் அதே பழைய மிடுக்கோடுதான் பாக்கெட்டில் கை விட்டேன். பர்ஸ் பாதி வெளியே வருவதற்குள் பையன் போனை நீட்டிவிட்டான். "விடுங்கப்பா, ஆச்சு." வெளியே வந்த கை சும்மா திரும்பினால் நன்றாக இருக்காதே என்று இடுப்பைச் சொறிந்துவிட்டு உள்ளே போனது.

பணம் கொடுக்க வழியில்லாத தகப்பனுக்கு மிச்சமிருப்பது தகவல் கொடுப்பது ஒன்றுதான். அதற்கு இன்னும் யாரும் போட்டிக்கு வரவில்லை என்று நினைத்து ஆரம்பித்தேன். ஹைதர் அலி 1760-இல் போட ஆரம்பித்த தோட்டம் இது என்றேன். பையன் வண்டி நிறுத்திய சீட்டைத் தேடிக்கொண்டிருந்தான். கெம்பே கௌடா கோபுரம் நிற்கும் பாறை மேல் மூச்சு வாங்க ஏறி நின்று, "இந்தப் பாறைக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம்!" என்று அறிவித்தேன்.

"அத்தனை வருஷமா இருக்கு, ஒரு நிழலுக்கு வழி பண்ணலை பாருங்க" என்றாள் மனைவி.

மருமகள் மட்டும் "அப்படியா மாமா!" என்று தலையாட்டினாள். தங்கமான பெண். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மைசூருக்குக் காரில் கிளம்பினோம். 2023-இல் திறந்த புது நெடுஞ்சாலை. டோல்கேட் வருகிறது என்று பலகையைப் பார்த்ததுமே ஒரு 500 ரூபாய்த் தாளை மடித்து உள்ளங்கையில் தயாராக வைத்துக்கொண்டேன். கண்ணாடியை இறக்குவதற்குள் கட்டை தானே தூக்கி வழிவிட்டது.

"பணம் எப்படா கட்டினே?"

"அதுவே எடுத்துக்கும்பா."

அதுவே எடுத்துக்கொள்ளுமாம்! எங்கள் காலத்தில் கேட்காமல் பணம் எடுத்துக்கொள்கிறவனுக்கு வேறு பெயர். பஸ் ஸ்டாண்டில் அவன் போட்டோவை ஒட்டி வைத்திருப்பார்கள்.

மைசூரில் பெண்ணும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். அரண்மனையில் விட்டதைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முந்தைய அரண்மனை மரத்தால் ஆனது, 1897-இல் ஒரு ராஜ குடும்பத்துக் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது, பிறகு ஹென்றி இர்வின் என்ற வெள்ளைக்காரர் வரைபடம் போட்டு இப்போதிருப்பது 1912-இல் முடிந்தது, நம்ம சென்னை ஹைகோர்ட் கட்டடத்திலும் அவர் கை உண்டு என்று ஒரே மூச்சில் சொன்னேன். பக்கத்தில் வேறு யாரோ ஒரு குடும்பம் என்னை கைடு என்று நினைத்து நின்று கேட்டது. என் குடும்பம் தூண் ஓரமாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

கடைசி அஸ்திரமாக, "மொத்தச் செலவு எவ்வளவு தெரியுமா? சுமார் 42 லட்சம்!" என்றேன்.

அதற்குத்தான் பையன் திரும்பினான். வண்ணக் கண்ணாடிக் கூரையையும் வரிசையாக நிற்கும் தூண்களையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். முகம் வாடிவிட்டது. "என் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு லோனே அதைவிட ஜாஸ்திப்பா" என்றான். அதன் பிறகு தர்பார் மண்டபத்தில் அவன் வாயே திறக்கவில்லை. என்ன இருந்தாலும் அவனுடையதில் லிஃப்ட் இருக்கிறது என்று தேற்றினேன்.

சாமுண்டி மலையில் அம்மனைச் சேவித்துவிட்டு நந்தியிடம் வந்தோம். ஒரே கல், உயரம் சுமார் 16 அடி. எங்கள் தஞ்சாவூர் நந்தியைவிடக் கொஞ்சம் பெரிசு. அந்தத் தகவலை மட்டும் யாரிடமும் சொல்லாமல் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மறுபடியும் அரண்மனை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு மணிக்கு விளக்குப் போடுவார்கள். கிட்டத்தட்ட லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரிந்தன. கூட்டம் மொத்தமும் "ஆ" என்றது. நானும் "ஆ" என்றேன். ஆனால் என் வாயிலிருந்து அடுத்து வந்தது, "மீட்டர் என்ன ஓட்டம் ஓடும்!"

"வாசல் லைட்டை ஆறரைக்குப் போட்டாலே கத்தற மனுஷன், இங்க நிக்கறதே பெரிசு" என்று பெண்ணிடம் சொன்னாள் மனைவி.

வெளியே வந்தால் கூடையில் மைசூர் மல்லிகை. அம்மாவும் பெண்ணும் மருமகளும் அப்படியே நின்றுவிட்டார்கள். பையன் போனை எடுத்தான். விளக்கு முழுக்கப் படம் பிடித்ததில் போன் உயிரை விட்டிருந்தது. பெண் தன் போனை நீட்டினாள். பூக்காரம்மா அதெல்லாம் கிடையாது என்று கையை விரித்தாள். ரொக்கம்தான்!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷம் கழித்து அந்தப் பார்வை! அவசரப்படாமல் பின்பாக்கெட்டில் கை விட்டு, பர்ஸை முழுசாக வெளியே எடுத்து, நிதானமாகத் திறந்து, டோல்கேட்டில் மடித்த அதே 500 ரூபாய்த் தாளை நீட்டினேன்.

பூக்காரம்மா அதைத் தொடக்கூட இல்லை. "சில்லரே இல்லா" என்றாள்.

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளேயிருந்த சின்னப் பையைக் கவிழ்த்து, பத்தும் ஐந்துமாக எண்ணிக் கொடுத்துப் பூவை வாங்கிவிட்டாள்.

"இவ்வளவு சில்லறை ஏதும்மா?" என்று பெண் கேட்டாள்.

"எல்லாம் உங்கப்பா சட்டைப் பையில, தோய்க்கப் போடறப்ப எடுத்ததுதான்."

அப்படியானால் அந்தப் பூவுக்குப் பணம் கொடுத்தது நான்தான். காரில் ஏறியதும் இதை எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். மருமகள் "அப்படியா மாமா!" என்றாள்.