மாயப் பசுவும் மந்தக் கோப்பும்

மெய்நிகர் இயந்திரம் அமெரிக்காவில் பிறந்தது என்று பாடநூல்கள் எழுதிவருகின்றன. பசுமலையில் குடியிருப்பவன் இதை ஒப்புக்கொள்ள முடியாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாயப் பசுவை வதைத்த படலம் என்று ஒன்று இருக்கிறது. அனந்தகுண பாண்டியன் காலத்தில் மதுரையை அழிக்க வேள்வித் தீயிலிருந்து ஒரு பசுவை ஏவுகிறார்கள். கொம்பு உண்டு, குளம்பு உண்டு, சீற்றமும் உண்டு. பசு மட்டும் இல்லை. சொந்தமாக வன்பொருள் எதுவும் இல்லாமல் பசுவின் எல்லா வேலையையும் செய்கிற பசு. சோமசுந்தரக் கடவுள் நந்தியை அனுப்புகிறார். நந்தியின் அழகைப் பார்த்த மாத்திரத்தில் பசு மயங்கி விழுந்து, உயிர் நீங்கி, மலையாகிவிடுகிறது. அந்த மலையடியில்தான் என் வாடகை வீடு. மெய்யான நந்தியை ஹோஸ்ட் (இடம் தரும் மெய்க் கணினி) என்றும் மாயமான பசுவைக் கெஸ்ட் (அதற்குள் ஓடும் மாயக் கணினி) என்றும் கொண்டால், கெஸ்ட் ஹோஸ்டின் எதிரே நின்றதும் அசைவற்று உறைந்துபோன முதல் நிகழ்வு இதுவே. இதைத்தான் இப்போது 'ஹேங் ஆயிருச்சு' என்கிறார்கள்.

மேலைநாட்டார் கூற்றையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் 1967-ல் சி.பி.-40 என்ற அமைப்பை ஓடவிட்டார்கள்; 1972-ல் அதன் வழித்தோன்றலாக வி.எம்./370 வந்தது. ஒரே கணினிக்குள் பல மாயக் கணினிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்ப அவர்கள் கண்ட வழி என்ன தெரியுமா? இல்லாத துளையிடும் பொறியில், இல்லாத 80 பத்தி அட்டையில், இல்லாத ஓட்டைகளைப் போட்டு, அடுத்தவரின் இல்லாத அட்டை படிப்பானுக்கு அனுப்புவது. மாயப் பசுவின் சாணியைத் தட்டி வறட்டி காயவைத்த கதைதான். ஆனாலும் கோப்பு போய்ச் சேர்ந்தது.

இனி ஆய்வுக்களம். என் மடிக்கணினியில் கீழே விண்டோஸ். அதன் மேல் மாடி போர்ஷனில் குடிவைத்ததுபோல ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் உபுண்டு. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கோப்புறை. கோப்புகள் கீழே விண்டோஸ் வட்டில் இருக்கும், மேலே உபுண்டு அதைத் தன்னுடையதுபோல் பார்க்கும் என்பது ஏற்பாடு. அக்கா மகன் ஒரு சினிமாப் படத்தை அந்தக் கோப்புறை வழியாக மேலே அனுப்பினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. பிறகு அவனுடைய கல்லூரி ப்ராஜெக்ட்டை அதே கோப்புறையில் வைத்து ஓடவிட்டோம். மொத்தமே படத்தில் பாதிகூட இல்லாத கோப்புறை. கர்சர் மினுக்கியது. மறுபடி மினுக்கியது. அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அதே வரியில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. "என்ன மாமா, படம் பறந்துச்சு, இது நொண்டுது?" என்றான். இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல் அக்கேள்வியே. காலத்துக்கு அலகு ஒரு டீ என இனிக் கொள்க.

முன்னோர் கொள்கைகள் மூன்று. 'ரேமைக் கூட்டு' என்பது முதற் கொள்கை. கூட்டினோம், ஒரு டீ ஒரு டீயாகவே இருந்தது. 'வட்டு பழசு' என்பது இரண்டாவது. அதே வட்டில்தான் படம் பறந்தது என்பதால் அது நிற்காது. 'அணைத்துவிட்டுப் போடு' என்பது மூன்றாவது. இதை எந்தக் காலத்திலும் எவராலும் மறுக்க முடிந்ததில்லை, நானும் முயலவில்லை.

இம்மூன்றையும் விலக்கி நான் நிறுவும் சூத்திரம் வருமாறு:

கனத்தால் அன்று கணக்கால் மந்தம்;
கேள்வி குறையக் கோப்பு விரையும்.

இது என் நுதலிற்றோ எனின், பகிர்ந்த கோப்புறை நொண்டுவதன் காரணம் உணர்த்துதல் நுதலிற்று. கனம் என்றது பைட்டுகளை. கணக்கு என்றது கேட்கப்படும் கேள்விகளின் எண்ணிக்கையை. விரையும் என்றதனால் முன்பு விரையவில்லை என்பது பெறப்படும்.

விரித்துரைப்போம். படம் ஒரே கோப்பு. 'இருக்கிறதா, திற, கொடு' என்று கேட்டு வாய்க்காலைத் திறந்துவிட்டால் போதும். ப்ராஜெக்ட் அப்படியல்ல. நோட் ஜேஎஸ்ஸில் எழுதியது. நோட் மாட்யூல்ஸ் என்று உள்ளே ஒரு கோப்புறை, அதற்குள் ஆயிரக்கணக்கில் பொடிக் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் 'இருக்கிறாயா? எவ்வளவு பெரிசு? எப்போது மாறினாய்?' என்று தனித்தனிக் கேள்வி. இதிலும் கொடுமை, இல்லாத கோப்புக்கும் கேள்வி உண்டு. ஒரு மாட்யூல் வேண்டுமென்றால் நோட் இந்தக் கோப்புறையில் தேடும், இல்லையென்றால் மேல் கோப்புறையில், அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு 'இல்லை'யும் ஒரு முழுப் பயணம். உபுண்டுவின் கெர்னல் கேட்கும், மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேள்வி கீழே இறங்கும், விண்டோஸ் வாங்கிக்கொள்ளும், வட்டுக்குப் போகும், பதில் அதே படிகளில் திரும்ப ஏறும். மேலே ஞாபகம் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. கீழே எவனாவது அந்தக் கோப்பை மாற்றியிருக்கலாமே, அதனால் மறுபடி கேட்க வேண்டும்.

மதுரைக்காரருக்கு ஒரு வரியில் சொல்வதானால், தாளிக்க ஒவ்வொரு கறிவேப்பிலையாக வாங்க, பசுமலையிலிருந்து பைக்காரா, பழங்காநத்தம் தாண்டி, பெரியாரில் பஸ் மாறி, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய் வருவது. (பசுவில் புறப்பட்டு மாட்டில் முடியும் இப்பயணம் தனி ஆய்வுக்குரியது.) கறிவேப்பிலையின் எடை இங்கே பொருட்டே அல்ல. அண்டா நிறைய வாங்கினாலும் பஸ் அதே நேரம்தான் எடுக்கும்.

இதில் வாசற்படி அப்பத்தாவையும் சேர்க்க வேண்டும். விண்டோஸின் ஆன்ட்டிவைரஸைச் சொல்கிறேன். உள்ளே வருகிற பை, வெளியே போகிற பை எல்லாவற்றையும் "என்னய்யா கொண்டு போறே?" என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் விடும். சினிமாப் படம் ஒரு பை. நோட் மாட்யூல்ஸ் ஆயிரம் பொட்டணம். அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ப்ராஜெக்ட் கோப்புறையை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டேன். அரை டீ மிச்சமானது.

அடுத்த மருந்து, நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் சாம்பா. கேட்டதும் சம்பா அரிசி ஞாபகம் வரும், தொடர்பு இல்லை. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், அது பேசும் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையின் மூன்று எழுத்தும் வரிசையாக வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர் அது. பெயர் வைக்கக் கணினியைக் கேட்டவர் அவர். எங்கள் ஊரில் ஜோசியரைக் கேட்போம். லினக்ஸை ஹோஸ்டாக வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது: விர்ட்டியோ-எஃப்.எஸ்., 2019-ல் லினக்ஸ் கெர்னல் 5.4-இல் சேர்ந்தது. ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே கணினிக்குள் இருக்கும்போது நடுவே ஒரு நெட்வொர்க் இருப்பதாக நடிப்பானேன் என்று கேட்டு, அதற்கென்றே செய்த வழி. என் ஹோஸ்ட் விண்டோஸ். ஆகவே பெருமூச்சோடு கடந்துபோகிறேன்.

முடிவான மருந்துக்குப் பசுமலையிலேயே முன்மாதிரி உண்டு. 1881-ல் இங்கே கல்லூரியாகத் தொடங்கியதுதான் இன்றைய அமெரிக்கன் கல்லூரி. படிக்க ஆள் இருப்பது நகரத்தில், கல்லூரி இருப்பது மலையடியில் என்றபோது, கல்லூரியையே வைகைக்கு அந்தப் பக்கம் கோரிப்பாளையத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். வேலை நடக்கிற இடத்தில் பொருளை வை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் தரும் டபிள்யூ.எஸ்.எல். 2-க்கு மைக்ரோசாப்ட் எழுதிய கையேடும் இதைத்தான் சொல்கிறது: லினக்ஸ் கருவிகளால் வேலை செய்கிற கோப்பை லினக்ஸ் பக்கமே வைத்துக்கொள்.

அப்படியே செய்தோம். ப்ராஜெக்ட் உபுண்டுவின் சொந்த வட்டுக்குக் குடிபோனது. சாம்பாவையும் உபுண்டுவிலேயே நிறுவி, விண்டோஸிலிருந்து எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வைத்தோம். இப்போது மாடிக்காரர் வீட்டுக்காரர், வீட்டுக்காரர் வந்து போகிறவர். எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து சேமிக்க ஒன்றிரண்டு கேள்விதான், ஜன்னல் அதற்குத் தாங்கும். ஆயிரம் கேள்விகள் மாடிக்குள்ளேயே கேட்டு, மாடிக்குள்ளேயே பதில் வாங்கிக்கொண்டன. பால் பொங்குவதற்கு முன் ப்ராஜெக்ட் ஓடி நின்றது.

"வி.எம். போச்சுன்னா எல்லாம் சேர்ந்து போயிருமே மாமா" என்றான் பையன். நல்ல ஆட்சேபம். அதனால் தினமும் ராத்திரி ப்ராஜெக்ட்டை டார் கட்டளையால் ஒரே மூட்டையாகக் கட்டி, அதே பழைய பகிர்வுக் கோப்புறை வழியாகக் கீழே இறக்குவது என்று வைத்துக்கொண்டோம். நொண்டி என்று தள்ளிய கோப்புறை மூட்டையை வாங்கிக்கொண்டு பறந்தது. சூத்திரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நேற்று ராத்திரி மூட்டை கட்ட மறந்து, கோப்புறையை அப்படியே இழுத்துப் போட்டுவிட்டேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இது மூன்றாவது டீ.