ஏரிக்கரையில் எண்ணிக்கை இழப்பு: ஒரு முதற்கட்ட ஆய்வு

கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைப் பற்றி ஆய்வுகள் மலைபோல் குவிந்துவிட்டன. அந்தக் கருவிகளைப் பற்றிப் பேச மாநாட்டுக்கு வருகிறவர்களை அளக்கத்தான் நாதியில்லை. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. களம், இத்தாலியின் கோமோ நகரம். கூடம், துகள் உணர்கருவி மாநாடுகள் பல நடந்த வில்லா ஓல்மோ மாளிகை. அதன் முகப்பு நேரே ஏரியைப் பார்க்கிறது. இடம் பிடித்தவர்கள் இதை யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள், யோசித்துத்தான் பிடித்திருப்பார்கள்.

எமது கருதுகோள்: அரங்கில் தலைகள் குறைவதற்கு உரையின் தரம் காரணமல்ல, ஏரியே காரணம். வரலாற்றுச் சான்றும் உண்டு. வோல்ட்டா பிறந்த ஊர் இது. அவர் மறைவின் நூற்றாண்டை ஒட்டி 1927 செப்டம்பரில் இங்கே கூடிய மாநாட்டில் ரூதர்ஃபோர்டு, பிளாங்க், ஹைசன்பர்க், பௌலி, ஃபெர்மி என்று ஒரு படையே இருந்தது. அலையும் துகளும் ஒன்றையொன்று நிரப்பும் பார்வைகள் என்ற கருத்தை நீல்ஸ் போர் இங்கேதான் முதலில் வெளியிட்டார். பெரிய சலசலப்பு இல்லை. அடுத்த மாதமே பிரசல்ஸின் சால்வே மாநாட்டில் இதே விவகாரத்துக்காக ஐன்ஸ்டைனும் அவரும் மல்லுக்கட்டினார்கள். கோமோவுக்கு ஐன்ஸ்டைன் வரவில்லை, அதுதான் காரணம் என்பார்கள் வரலாற்றாசிரியர்கள். பிரசல்ஸில் மலை சூழ்ந்த ஏரி இல்லை என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

இனி அளவீடு. கதிரியக்கச் சிதைவுகளை எண்ணி 100 கிடைத்தால், அதன் வர்க்கமூலமான 10 கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது பாய்ஸான் விதி. அரங்கில் 100 தலை என்றால், படகுத்துறையில் நிற்கும் 10 பேர் பிழை எல்லைக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களை வராதவர்கள் என்று சொல்வது அறிவியலாகாது. பிற்பகலில் தலைகள் 25 ஆகும்போது பிழை 5, அதாவது 20 சதவீதம். கூட்டம் குறையக் குறையச் சலுகை கூடுகிறது.

சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வு தனிக் கவனத்துக்குரியது. கைகர்-முல்லர் குழாய் ஒரு துகளைப் பதிவுசெய்ததும் சுமார் 100 மைக்ரோ நொடிக்கு எதையும் உணராது. துறையில் இதற்கு டெட் டைம் என்று பெயர். ஏரி மீனும் ரிசோட்டோவும் உண்டு வந்த பேராளருக்கு இது சற்றே அதிகம். கருவிகளில் இரு வகை. ஒன்று, இடையில் வருவதைத் தவறவிட்டாலும் குறித்த நேரத்தில் விழித்துக்கொள்ளும். மற்றது, முடங்கிக் கிடக்கையில் வந்து விழும் ஒவ்வொரு துகளுக்கும் இன்னும் கொஞ்சம் முடங்கும். மூன்றாம் வரிசையில் தாடை மார்பில் பதிய உட்கார்ந்திருந்தவர் இரண்டாம் வகை. ஸ்லைடு மாறும்போதெல்லாம் அவர் கைப்பேனா குறிப்பேட்டில் மெல்லிய கோடு ஒன்றை இழுத்தது. தலை மேலும் ஓர் அங்குலம் தாழ்ந்தது. கதிர்வீச்சு மிகப் பலமாக இருந்தால் இவ்வகைக் கருவி பூஜ்யம் காட்டும், அதை நம்பி உள்ளே போகாதே என்று பாதுகாப்பு வகுப்பில் சொல்லித்தருவார்கள். அமர்வுத் தலைவர் அந்த வகுப்புக்குப் போகவில்லை போலும். சரமாரியாக ஸ்லைடு பொழிந்த உரை முடிந்ததும் அரங்கின் நிசப்தத்தைப் பார்த்து, “கேள்வியே இல்லை, அவ்வளவு தெளிவு” என்று நன்றி கூறினார்.

கதிர்வீச்சுப் பணியாளர் மார்பில் அணியும் டி.எல்.டி. அட்டை, வாங்கிய கதிரையெல்லாம் சேர்த்துவைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மாநாட்டு அட்டை அப்படியல்ல. படகில் ஏறியதும் அது சட்டைப்பைக்குள் போய்விடும். நாடா மட்டும் காலருக்கு வெளியே தெரியும். அப்படித் தெரிந்த இரண்டு நாடாக்கள், ஓர் ஆராய்ச்சி மாணவருடையதும் அவருடைய நெறியாளருடையதும், ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோவுக்குப் போகும் படகில் எதிரெதிரே அமைந்தன. இரு குழாய்கள் ஒரே கணத்தில் துடித்தால் மட்டுமே கணக்கில் சேர்ப்பது புருனோ ரோஸி 1930இல் வெளியிட்ட சுற்று. இங்கே இருவரும் அதன் எதிர்முறையைக் கையாண்டார்கள்: ஆளுக்கொரு கரையைப் பார்த்தபடி, சேர்ந்து துடித்ததைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

தவறிய அமர்வுக்குப் பயண அறிக்கையில் என்ன எழுதுவது? கோமோவை ஒட்டிய புருனாத்தே மலைக்கு 1894 முதல் கயிற்று ரயில் ஓடுகிறது, பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை. ஏறிவிட்டு ‘காஸ்மிக் கதிர் நோக்கீடு’ என்று எழுதலாம் என்பது ஒரு யோசனை. விக்டர் ஹெஸ்ஸும் 1912 ஆகஸ்டில் பலூனில் 5000 மீட்டருக்கு மேல் ஏறித்தான் அக்கதிர்களை நிறுவினார். ஆனால் முதல் 1000 மீட்டர் வரை அவருக்கு அளவு சற்றுக் குறையவே செய்தது. மண்ணிலிருந்து வரும் கதிர் விலகிப்போனதுதான் காரணம். புருனாத்தே சுமார் 700 மீட்டர்தான். கணக்குப் பிரிவில் யாரும் ஹெஸ்ஸைப் படிக்காத வரை கயிற்று ரயில் டிக்கெட்டை இணைத்தால் போதும்.