அண்ணாந்து குடிக்கும் அண்ணாச்சி

அண்ணாச்சி தண்ணீர் குடிக்கும் அழகைப் பார்க்க வேண்டும். செம்பை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுவார். தொண்டைக்குழி மட்டும் ஏறி இறங்கும். ஓடுகிற பஸ்ஸிலும் ஒரு சொட்டு சிந்தாது. “வாய் வச்சுக் குடிச்சா அது பாத்திரம் இல்ல தம்பி, எச்சிப் பாத்திரம்” என்பார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் எங்களுக்கு மூன்று கட்டில் போட்ட அறை. ஜன்னலோரம் நான், நடுவில் அண்ணாச்சி, கதவோரம் பல் மருத்துவம் படிக்கும் பையன். எச்சில் சம்பந்தமான வழக்குகளில் அண்ணாச்சி சொல்வதே தீர்ப்பு. டீக்கடையில் கிளாஸை வெந்நீரில் இரண்டு தடவை அலசச் சொல்வார். மாஸ்டர் முறைத்தால் மூன்றாவது தடவையும் கேட்பார். பள்ளிக்கூடத்தில் காக்காய்க்கடி கடித்துக் கொடுத்த கமர்கட்டைக்கூட வாங்கியதில்லையாம். கடித்தவன் சட்டை துவைத்த சட்டையா என்று யாருக்குத் தெரியும்!

இத்தனை ஆசாரத்துக்கும் ஒரே ஒரு விலக்கு உண்டு. அது அடுத்தவனுடைய மவுத்வாஷ்.

இந்த ரகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அறைக்குள் புகுந்து சீப்பு, பவுடர், சென்ட் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டு, “நான் யாரு துண்டையும் தொடமாட்டேன்” என்று ஈரக் கையை உதறிக்கொண்டே வெளியே வருபவர் இந்த இனம்தான். சுத்தத்தில் குறை வைக்கமாட்டார். செலவு மட்டும் நம்முடையது.

பல் சுத்தம் செய்துகொண்டு வந்தபோது, டாக்டர் எனக்கு 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் எழுதிக் கொடுத்திருந்தார். வேளைக்கு 10 மில்லி, ஒரு நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ரோஸ் நிறத்தில், பிறந்தநாள் சர்பத் மாதிரி இருக்கும். அலமாரியில் வைத்த மூன்றாம் நாளே பாட்டில் இளைக்கத் தொடங்கியது. மூடியின் உள்விளிம்பில் ஒரு வெற்றிலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அறையில் வெற்றிலை போடுகிறவர் ஒருவர்தான்.

நேரடியாகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பையன்தான் ஆரம்பித்தான். “அண்ணாச்சி, இந்த மருந்தைத் தொடர்ந்து கொப்பளிச்சா பல்லுல பழுப்புக் கறை படியும். டீ குடிக்கிறவங்களுக்கு இன்னும் ஜாஸ்தி. கொப்பளிக்கிறது அண்ணன். உங்க பல்லு ஏன் புதுசா பழுக்குது?”

“வெத்தலக் கறைய்யா அது.”

“வெத்தலக் கறை எனக்குத் தெரியாதா? தினமும் நூறு வாய் பாக்கிறேன்.”

அண்ணாச்சி அசரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி, கேட்டுக்கோங்க. எச்சில்னா என்ன? கிருமி. மவுத்வாஷ்னா என்ன? கிருமியைக் கொல்லுத மருந்து. மருந்துலயே போய் எச்சில் ஒட்டுமா? கங்கையில தீட்டு உண்டா?”

வாதம் எனக்கே சரியாகத்தான் பட்டது. பையன் விடவில்லை. எதிரே வகுப்பே உட்கார்ந்திருப்பது போல ஆரம்பித்தான். 1683-லேயே ஹாலந்தில் லேவன்ஹூக் என்ற துணி வியாபாரி தன் பல் அழுக்கைச் சுரண்டி லென்ஸில் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினாராம். காடியால் வாய் கொப்பளித்ததில் மேலே இருந்தவைதான் செத்தனவாம், அழுக்குக்குள் பதுங்கியிருந்தவை பிழைத்துக்கொண்டனவாம். உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் வைரஸ் எச்சில் வழியாகத் தொற்றும், கொப்புளம் வெளியே தெரியாத நாளிலும் தொற்றும் என்றான். கடைசியாக அவன் இறக்கியது பிரம்மாஸ்திரம்: “மவுத்வாஷ் பாட்டிலுக்குள்ளயே குடித்தனம் நடத்துற பாக்டீரியா இருக்கு அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில ஐசியூ நோயாளிகளுக்கே அதால தொற்று வந்திருக்கு. பேரு பர்கோல்டேரியா.”

“பரோட்டாவா?”

“பர்கோல்டேரியா.”

“நம்ம ஊருப் பக்கம் கேள்விப்படல” என்று அண்ணாச்சி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

அன்று ராத்திரி ஓசைப்படாமல் பாட்டிலின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தேன். மருந்து கோட்டுக்குக் கீழே இல்லை. கோட்டில் இல்லை. கோட்டுக்கு மேலே, நல்ல ஒரு விரற்கடை ஏறி நின்றது. ரோஸ் நிறமும் சற்று வெளுத்திருந்தது.

எடுத்தால் குறையும். எடுக்காவிட்டால் அப்படியே இருக்கும். ஏறுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதை நினைத்ததும் வயிற்றைப் புரட்டியது. அதுவரை அந்தப் பாட்டிலில் நான் கொப்பளித்த வேளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன்.

“அண்ணாச்சி… கொப்பளிச்சதை மறுபடியும் இதுக்குள்ளயா…”

வெற்றிலை கையிலேயே நின்றது. முகத்தில் அப்படி ஒரு வருத்தம். இத்தனை வருஷப் பழக்கத்தில் தன்னை இப்படி நினைத்துவிட்டானே என்ற வருத்தம்.

“ச்சீ! என்ன தம்பி, என்னையப் போய் அப்படி நெனச்சுட்டீங்க? கொப்பளிச்சதை வாஷ்பேசின்லதான் துப்புனேன். வாய் வச்ச மூடியை அப்படியே வச்சா உங்களுக்கு எச்சில் ஆகுமேன்னு, தண்ணி ஊத்தி ரெண்டு தடவை நல்லா அலசினேன். அலசின தண்ணியில மருந்து கொஞ்சம் கலந்திருக்கே, கீழ கொட்ட மனசு வரல. அதான், பாட்டில்லயே ஊத்திட்டேன்.”