செல்போனில் முடியுமா சமூக சேவை?

கே: மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் சேலையைத் திருடி மாட்டிக்கொண்டால், இப்போது ஜெயிலுக்குப் பதில் சமூக சேவையாமே! அதை ஆன்லைனிலேயே முடித்துவிடலாமா?
– ஒரு வாசகி, திருமங்கலம்

ப: உட்கார்ந்த இடத்தில் முடிக்க அதென்ன ரீசார்ஜா, அம்மா? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 303(2) பிரிவு, சிறு திருட்டுக்குச் சமூக சேவை என்ற சலுகையைத் தருகிறது. சேலை 5,000 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும். முதல் தண்டனையாக இருக்க வேண்டும். சேலையையோ அதன் விலையையோ திருப்பித் தந்திருக்க வேண்டும். சேவைக்குச் சம்பளம் கிடையாது. என்ன வேலை என்பதை நீதிமன்றம்தான் சொல்லும்.

அமெரிக்காவில் ஆன்லைன் பாடம் நடத்திச் சமூக சேவைச் சான்றிதழ் தரும் தளங்கள் உண்டு. அங்கேயே எல்லா நீதிமன்றமும் அதை ஏற்பதில்லை. இங்கே அதற்குப் பணம் கட்டி ஏமாறாதீர்கள்! சேவை என்றால் நேரில் போய்ச் செய்வதுதான். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2022-ல் பைக்கை அபாயகரமாக ஓட்டிய இளைஞருக்கு ஜாமீன் தந்த சென்னை உயர் நீதிமன்றம், அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் உதவச் சொன்னது. அடிபட்டவர்களை நேரில் பார்க்க வைத்த நல்ல உத்தரவு அது.

வழக்கு வந்துவிட்டதென்றால், மதுரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு.