மருமவனே, பித்தளைத் தகட்டை நம்பாதே

சிகாகோவுல வேலை கெடைச்சதும் வீடு வாசல் வாங்குவேன்னு பாத்தா, அறுபது வருசத்துப் பழைய லுட்விக் டிரம் செட்டு வாங்கப் போறேங்கிறே. வாங்கு ராசா. லுட்விக் கம்பெனி 1909-ல பொறந்ததே அந்த ஊருலதான். மாமனும் மெல்லிசைக் கச்சேரியில குச்சி பிடிச்சவன். சொல்றதைக் காதுல போட்டுக்கோ. போடாட்டியும் குத்தமில்ல, துட்டு உன்னுது.

விக்கிறவன் மொதல்ல கதையைத்தான் விப்பான். 1964 பிப்ரவரி 9-ல எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில டிரம்மர் ரிங்கோ ஸ்டார் லுட்விக் வாசிச்சாரு, ஏழு கோடி சனத்துக்கு மேல பாத்துச்சு, மறுநாள்லருந்து பயலுவ பூராம் அதையே கேட்டு நின்னானுவ, கம்பெனி ராப்பகலா ஓடுச்சு. அம்புட்டும் நெசம். ஆனா இன்னைக்கு விலைக்கு வர்ற செட்டெல்லாம் அதே 1964-ல பொறந்தது எப்படின்னுதான் எனக்கு வெளங்கல. 1963-ம் 1965-ம் அந்த ஊருக்கு வரவே இல்ல போலிருக்கு!

அடுத்து, பித்தளை பேட்ஜுல இருக்கிற நம்பரைக் காட்டுவான். 1963 கடைசி வாக்குலதான் நம்பர் போட ஆரம்பிச்சாங்க. வேலையாளு பெட்டிக்குள்ள கையை விட்டு, அம்புட்ட பேட்ஜை எடுத்து அடிச்சுட்டுப் போயிட்டான். பிந்தின நம்பர் முந்தின டிரம்முல உக்காந்திருக்கும். அதனால நம்பருங்கிறது ஒரு உத்தேசந்தான். நீலமும் ஆலிவ் பச்சையுமா பேட்ஜ் இருந்து, ‘1964 சார்’னு சொன்னான்னா, காப்பி குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துரு. அந்த பேட்ஜ் வந்ததே அறுபதுகளோட கடைசியில.

மாட்டுச் சந்தையில கொம்புல பூசின பெயிண்டைப் பாத்தா வயசு சொல்றோம்? பல்லைப் பிடிச்சுல்ல பாக்கோம். தோலைக் கழட்டச் சொல்லி உள்ள டார்ச் அடி. செவப்பு மையில தேதி முத்திரை இருந்தா உன் அதிர்ஷ்டம்; எல்லாத்துலயும் இருக்காது. உள்ள வெள்ளைப் பெயிண்டுன்னா மூத்தது, சாம்பல்ல புள்ளி தெளிச்சதுன்னா எளையது. மூணு டிரம்முக்கும் தேதி சில மாசம் முன்னப்பின்ன இருந்தா பரவால்ல. பேஸ் டிரம் 1964, டாம் 1969-ன்னா பின்னாடி எவனோ ஜோடி சேத்தது. வெலையை அதுக்குத் தக்கன பேசு.

டிரம்மைச் சுத்தியிருக்கிற மேலுறையோட முனையையும் தடவிப் பாரு. அந்தக் காலத்து லுட்விக்குல அது டிரம்மோட மர உடம்பு, அதாவது ஷெல்லோட இணைப்புக்குள்ள சொருகியிருக்கும். மேலாக்க ஒட்டியிருந்தா புதுசாப் போத்தினது. சந்தேகம் தீரலையா, தோலை இழுத்துப் பிடிக்கிற திருகு மாட்டுற லக்குல ஒண்ணைக் கழட்டு. வெயில் படாத நெறம் அடியில இருக்கும். அவன் கழட்ட விடமாட்டேன்னா, அதுவே பதிலு.

இப்போ ரகசியம் ஒண்ணு. வேற கம்பெனி ஸ்டாண்டு மாட்ட எவனோ ஓட்டை போட்டிருப்பான் பாரு, அதைக் கண்டதும் பழசு சேக்குற பணக்காரன் மூக்கைச் சுளிச்சுட்டு ஓடிருவான். வெலையும் விழுந்துரும். நீ ஓடாதே. ஒண்ணு ரெண்டு ஓட்டையில சத்தம் ஒண்ணும் ஒழுகிறாது. அலமாரியில வச்சுப் பாக்கவா வாங்குறே, அடிக்கத்தானே? ஷெல் வட்டம் கோணியிருக்கான்னு மட்டும் குறுக்கும் நெடுக்கும் டேப் பிடிச்சுப் பாத்துக்கோ. கோணல் ஷெல்லுல தோல் ஒழுங்கா உக்காராது, சுருதியும் நிக்காது.

உனக்கு வாசிக்கத் தெரியுமான்னு மாமன் கேக்கலப்பா. அதைக் கீழ்வீட்டுக்காரன் கேப்பான்.