சர்வேயருக்குக் கோழி அடிச்ச கதை

வா மாப்ளே, குந்து. மூஞ்சி ஏன் மழையில நனைஞ்ச முறுக்கு மாதிரி கெடக்குது? கையில இன்னா, லெட்டரா? இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் போட்டானா? நீ 3,80,000 கேட்ட, அவன் 62,000 தர்றேன்றானா? அட, அவ்ளோ குடுக்கறதே பெரிசு. நீ செஞ்சு வச்ச வேலைக்கு அவன் உங்கிட்ட காசு கேக்காம வுட்டானே!

உங்க அத்தை மோர் கொண்டாரா. குடிச்சிட்டுப் பொறுமையா அழு. அழறதுக்கு நேரம் கெடக்குது. முதல்ல நீ செஞ்ச நல்ல காரியத்த எல்லாம் ஒண்ணொண்ணா எண்ணிப் பார்ப்போம்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ந் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரையேறுச்சு. ஏறின புயலு போவுதா? சம்பந்தி வூட்டுக்கு வந்த பெரிய மனுசன் மாதிரி அங்கியே குந்திக்கிச்சு. நம்ம மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் அளவுக்கு ஊத்துச்சு. பக்கத்து வூட்டு வேப்ப மரம் உன் மாடி மேல சாஞ்சுது. கைப்பிடிச் சுவரு பேந்துது. மாடியில போட்ட ஷீட்டு அடுத்த தெருவுக்குப் பறந்துது. கீழ இடுப்பளவு தண்ணி.

மறுநாள் தண்ணி வடிஞ்சுது. நீ இன்னா செஞ்ச? நாலு ஆளை வச்சு மரத்த வெட்டி, சேத்த வாரி, வூட்ட அலம்பி, வாசல்ல கோலம் போட வச்ச. கொலை நடந்த எடத்த கொலைகாரனே இவ்ளோ சுத்தமாத் தொடைக்க மாட்டான் மாப்ளே! வீட்டைச் சுத்தம் பண்ண வேணாம்னு நான் சொல்லல. புள்ளைங்க சேத்துலயா படுக்கும்? அலம்பறதுக்கு முந்தி போன எடுத்து நாலு பக்கமும் படம் புடிச்சியா? தண்ணி எம்மா ஒசரம் நின்னுதுன்னு செவுத்துல கறை இருந்துதே, அது பக்கத்துல ஒரு முழக்கோல நிறுத்திப் படம் எடுத்தியா? உன் பொண்ணு போன்ல தேடிப் பார்த்தேன். அந்த வாரத்துல எழுபது படம் இருக்குது. எல்லாம் தண்ணியில நின்னுக்கினு சிரிக்கற படம். நல்ல காலம், அதுல ரெண்டுத்துல பின்னால மரம் தெரியுது.

ரெண்டாவது காரியம். ஒடஞ்ச ஷீட்டு, நசுங்கின தகரம், ஊறிப்போன வாஷிங் மெஷினு, எல்லாத்தையும் பழைய இரும்புக்காரன் கிட்ட 900 ரூபாய்க்குப் போட்ட. கம்பெனிக்காரன் வந்து பாக்கற வரைக்கும் ஒடஞ்சதுதான் மாப்ளே உன் சொத்து. முழுசா இருக்கறதப் பத்தி அவனுக்கு இன்னா கவலை? நீ சாட்சிய எடைக்குப் போட்டுட்டு நாயம் கேக்கற.

மூணாவதுதான் ஊரே சிரிச்ச காரியம். சர்வேயர் வர்றாருன்னு போன் வந்துது. நீ தாலுகா ஆபீஸ் சர்வேயர்னு நெனச்சு, பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்து வச்சுக்கினு, கோழி வேற அடிச்ச! எல்லைக்கல்ல நவுத்திப் போடுவாருன்னு பயமா? வந்தவரு வேற சாதி சர்வேயரு. சேதத்த மதிப்புப் போடறதுக்கு, இன்சூரன்ஸ் கம்பெனிங்கள மேய்க்கற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கிட்ட லைசென்சு வாங்கினவரு. கோழியத் தின்னாரு, மாடிக்கு ஏறி ஒரு சுத்து சுத்துனாரு, பத்து நிமிசத்துல எறங்கிப் பூட்டாரு. எது எது சேதம்னு நீ ஒரு லிஸ்ட்டு எழுதிக் குடுத்தியா? கொத்தனார வச்சு எஸ்டிமேட்டு போட்டியா? இல்ல. கொழம்புல காரம் போதுமான்னு கேட்டுக்கினு நின்ன.

அவரு எத்தினி நாள் கழிச்சு வந்தாருன்னு ஞாபகம் இருக்குதா? ஒம்போது நாளு. 2024 ஜூன்ல ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட சுத்தறிக்கையில இன்னா சொல்லியிருக்குது? நீ சேதத்தச் சொன்ன 24 மணி நேரத்துல சர்வேயர அனுப்பணும். 15 நாள்ல அவர் அறிக்கை வரணும். அறிக்கை வந்த 7 நாள்ல கம்பெனி முடிவு சொல்லணும். நீ எப்ப தகவல் குடுத்த, அவன் எப்ப வந்தான், எப்ப எழுதினான்னு ஒரு நோட்டுல தேதி போட்டு வச்சிருந்தா அதுவே பாதி வழக்கு. நீ தேதிய ஞாபகம் வச்சிருக்கறது ஆடு வாங்கின கடனுக்கு மட்டும்தான்.

நாலாவது காரியம். கம்பெனி ஆபீசுக்குப் போயி, மேசையத் தட்டி, "நான் யாருன்னு தெரியுமா"ன்னு கேட்டியாம். அந்தப் பொண்ணுக்கு நெசமாவே தெரியல. தெரிஞ்சுக்கவும் அதுக்கு அவசியம் இல்ல. சத்தம் காத்துல பூடும் மாப்ளே, காகிதம் ஃபைல்ல தங்கும். நீ போட்ட சத்தத்துக்கு ரசீது குடுத்தாங்களா?

சரி, லெட்டர இப்படிக் குடு. கண்ணாடி எங்க? ம்... "பராமரிப்பு இன்மையாலும் முன்பே இருந்த விரிசல்களாலும்..." பாத்தியா? மரம் விழறதுக்கு முந்தியே உன் சுவரு விழத் தயாரா இருந்துதாம். மரம் சும்மா வந்து மேல சாஞ்சு ஆறுதல் சொல்லுச்சாம்.

இங்கதான் நீ முழிச்சுக்கணும். போன வைகாசியில சின்னவனுக்குக் காது குத்தினமே, மாடிச் சுவரு பூரா சீரியல் லைட்டு தொங்க வுட்டு வீடியோ எடுத்தாங்களே, அந்த வீடியோக்காரன் எங்க? மொய் எழுதினத சரி பாக்கவா அத எடுத்தோம்? சுவரு நெட்டுக்கு நின்னுது, ஒரு விரிசல் இல்ல. தேதியோட இருக்குது. அத எடு. மரம் வெட்டின ஆளுக்குக் குடுத்த காசுக்கு ஒரு ரசீது வாங்கு. வி.ஏ.ஓ. கிட்ட சேதத்துக்கு ஒரு சான்று வாங்கு. அன்னிக்கு எம்மா மழை, எம்மா காத்துன்னு வானிலை ஆபீஸ் கணக்கு இருக்குது, அதையும் சேரு. இஞ்சினியர் ஒருத்தர வச்சு, சுவருக்கு எம்மா, ஷீட்டுக்கு எம்மா, வயரிங்குக்கு எம்மான்னு பிரிச்சுப் பிரிச்சு எஸ்டிமேட்டு வாங்கு. "மொத்தமா மூணே முக்கா லட்சம் ஆவும் சார்"னு வாயில சொல்றதுக்குப் பேரு எஸ்டிமேட்டு இல்ல, ஏக்கம்.

இரு, உன் லிஸ்ட்டுல டி.வி.ன்னு ஒண்ணு இருக்குதே. எந்த டி.வி.? திண்ணையில துணி போட்டு மூடி வச்சிருந்தியே, அதுவா? அது செத்து மூணு வருசம் ஆவுது. புயல் வந்து பொணத்தக் கொன்னுச்சுன்னு எழுதாத. ஒரு பொய் புடிபட்டா, நெசமான சேதத்தையும் சேத்துத் தள்ளிவுட கம்பெனிக்குக் காரணம் கெடச்சிரும். அடிச்சிடு. இன்னும் நல்லா அடி, எழுத்து தெரியுது.

பாலிசி எங்க? தெரியாதா? அதான பாத்தேன்! வூட்டுக் கடன் வாங்கறப்ப பேங்குக்காரன் பிரீமியத்த புடிச்சிக்கினு பாலிசி போட்டான். நீ அத பிரிக்காமயே பீரோவுல வச்ச. பிரிச்சுப் பாரு. 2021 ஏப்ரல்ல இருந்து வூடுங்களுக்குப் பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி பாலிசி வந்துது. உன்னுது அதுவா இருந்தா, உனக்கு நாலு விசயம் சாதகம். புயலு, வெள்ளம் மட்டும் இல்ல, மரம் விழுந்து ஒடஞ்சாலும் அதுல அடக்கம். கட்டடத்துக்குப் போட்டா, வேணாம்னு நீ சொல்லாத வரைக்கும், அதுல 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மிகாம, வூட்டு சாமானுக்கும் சேந்துக்கும். அப்புறம், கொறச்சலா இன்சூர் பண்ணிட்ட, அதனால விகிதம் போட்டுக் கொறைப்பேன்னு அவன் சொல்ல முடியாது. இடிபாட்ட அள்ளின செலவுக்கும் கிளெய்ம் தொகையில 2 சதவீதம் வரைக்கும் கேக்கலாம். நீ ஆளு வச்சு அள்ளினியே, அந்தக் கூலி லிஸ்ட்டுல எங்க? செத்த டி.வி. இருக்குது, உசிரோட குடுத்த கூலி இல்ல!

ஒடஞ்சத மறுபடியும் கட்டற செலவு தர்றேன்னு பாலிசியில எழுதியிருந்தா, தேய்மானம்னு எதுக்குக் கழிச்சன்னு கேளு. பாலிசியில பேங்கு பேரு இருக்குதான்னும் பாரு. இருந்தா காசு முதல்ல அங்கதான் போவும். இப்பவே பேங்குக்கு ஒரு கடிதாசி குடுத்து வை. அப்புறம் எங்கிட்ட வந்து, "மாமா, ஜெயிச்சேன், ஆனா காசு கடன்ல கழிஞ்சிரிச்சு"ன்னு நிக்காத.

ரேஷன் கடையில அரசாங்கம் குடுத்த 2,000 ரூபாய வாங்கிட்டமே, இதுவும் கெடைக்குமான்னு பயப்படறியா? அது நிவாரணம், இது நீ பிரீமியம் கட்டின காசு. ரெண்டும் வேற வேற பானை.

இப்ப சண்டைக்கு வா. சண்டைன்னா வேட்டிய மடிச்சுக் கட்றது இல்ல, பேனா மூடியத் தொறக்கறது. முதல்ல சர்வேயர் அறிக்கையோட நகல் குடுன்னு எழுது. நீ கேட்டா குடுக்கணும். அத வச்சு, எந்த வரியில எம்மா கொறச்சிருக்கான், அதுக்கு உன் பதில் இன்னா, எந்த ஆதாரம்னு எதிர்ல எழுது. சர்வேயர் சொன்னா அதான் வேதம்னு எவனாவது சொன்னா பயப்படாத. சர்வேயர் அறிக்கை கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, உன்னையும் கட்டுப்படுத்தாதுன்னு 2009-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்குது.

அந்தக் கடிதாசிய கம்பெனியோட குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பு. ரெண்டு வாரம் பாரு. பதில் வரலியா? ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யோட பீமா பரோசா வெப்சைட்டுல புகார் பண்ணு. கம்ப்யூட்டர் தெரியாட்டி 155255-க்குப் போன் போடு. மருமவ நம்பரே எனக்கு ஞாபகம் இல்ல, இது இருக்குது.

அதுக்கும் மசியலன்னா சென்னையில காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்காரு, ஆம்பட்ஸ்மேன்னு சொல்வாங்க. கம்பெனிக்கு எழுதி 30 நாள் ஆயும் பதில் இல்லன்னாலும் போலாம், வந்த பதில் புடிக்கலன்னாலும் போலாம். கம்பெனி கைய விரிச்ச ஒரு வருசத்துக்குள்ள போவணும். 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்வாரு. கட்டணம் இல்ல. வக்கீல் வரக்கூடாது. உனக்குப் புடிச்ச சேதி அதான், எனக்குத் தெரியும். அவர் தீர்ப்பு கம்பெனியக் கட்டும். உனக்குப் புடிக்கலன்னா, நீ ஒத்துக்க வேண்டியதில்ல, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போலாம். அங்க ரெண்டு வருசம் கெடு. ஆனா ஒண்ணு, ரெண்டு எடத்துலயும் ஒரே நேரத்துல கால வைக்காத. கோர்ட்டுல வழக்கு இருந்தா குறைதீர்ப்பாளர் தொட மாட்டாரு.

கம்பெனிக்காரன் கெட்டவன்னு நான் சொல்லல. நம்ம மாடு புடிக்கற தரகன் மாதிரி அவனும். முதல்ல பாதி விலை சொல்வான். பத்துப் பேருல ஒம்போது பேரு, வந்தது லாபம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் பூடுவான்னு அவனுக்குத் தெரியும். அவன் பந்தயம் கட்றது உன் சேதத்து மேல இல்ல, உன் அலுப்பு மேல.

நீ கையெழுத்துப் போட்டுட்டியா? இல்லியே? நல்லது. போட்டிருந்தாலும் உலகம் அழியல. முழுத் திருப்தின்னு எழுதின சீட்டுல கையெழுத்துப் போட்டதாலயே வாய மூடிக்கணும்னு இல்ல, கட்டாயத்துல போட்டத நிரூபிச்சா மிச்சத்தக் கேக்கலாம்னு 1999-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்குது.

இன்னா, இம்மாம் சட்டம் எனக்கு எப்படித் தெரியும்ன்றியா? உங்க அத்தை சிரிக்கறா பாரு. சிரிக்காத, மோர் சிந்துது.

சொல்லிடறேன். 2011 டிசம்பர் 30, தானே புயலு. என் ஓட்டு வூட்டுக்கும் பாலிசி இருந்துது. மறுநாள் பொண்ணு பாக்க ஆள் வர்றாங்கன்னு, ஒடஞ்ச ஓட்ட பூரா நானே வண்டியில அள்ளிக் கொளத்து மேட்டுல கொட்டினேன். ஒரு படம் கெடையாது. சர்வேயருக்கு நான் அடிச்சது ரெண்டு கோழி. வந்த தொகையில அந்தக் கோழி காசு கூடத் தேறல. கம்பெனி நீட்டின காகிதத்துல ஸ்டாம்பு மேல அழகாக் கையெழுத்துப் போட்டேன். அந்த அலுப்புலதான் அப்புறம் ஒவ்வொண்ணா வெசாரிச்சுத் தெரிஞ்சுக்கினேன். தெரிஞ்சப்ப எல்லாக் கெடுவும் முடிஞ்சு பூட்டுது. அந்த அறிவு பதிமூணு வருசமா டிரங்குப் பொட்டியில சும்மா கெடந்துது. இப்பதான் ஒரு இளிச்சவாயன் வந்து சேந்தான்.

பேனா எடு. தேதி போடு. "ஐயா"ன்னு ஆரம்பி, மரியாதையா. ஸ்பீடு போஸ்ட்டுல அனுப்பி அந்த ரசீத எங்கிட்ட கொண்டாந்து காட்டு. காசு வர்ற அன்னிக்கு எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த ரசீத காட்டற அன்னிக்கு ஒரு கோழி அடி. சர்வேயருக்கு அடிச்சியே, அதவுடச் சின்னதா இருந்தா நான் மேல்முறையீடு போவேன்.