தொலைந்த யோசனை நோட்டு: ஒரு பூர்வாங்க ஆய்வு

யோசனை நோட்டு என்பது, என்றாவது எழுதியே தீரவேண்டும் என்று ஒருவர் நினைப்பவற்றை அன்றைக்கு எழுதாமல் தள்ளிப்போட உதவும் ஏடு. பெரும்பாலும் அது கோடு போட்ட கையடக்க நோட்டு. அல்லது நகைக்கடை கொடுத்த போன வருட டைரி. முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். அடுத்த சில பக்கங்களில் கையெழுத்து முத்துமுத்தாக நிற்கும். அதன்பின் அது பேருந்தின் குலுக்கலோடு சமரசம் செய்துகொள்ளும். கடைசிப் பக்கங்கள் பால் கணக்குக்கு உரியவை. நோட்டில் உண்மையாகப் பயன்படும் பகுதி அதுவே.

தொலையும் இடங்களில் ஷேர் ஆட்டோவும் டீக்கடை பெஞ்சும் விளக்கம் வேண்டாதவை. ஜெராக்ஸ் கடை தனிக் கவனத்துக்குரியது: நகலெடுக்கக் கொண்டுபோன ரேஷன் கார்டு பத்திரமாக வீடு திரும்பிவிடும். வீட்டுக்குள் தொலைவதற்குப் போகிக்கு முந்தைய வாரம் உகந்த பருவம். பழைய பேப்பர்க்காரரின் தராசு எழுதிய தாளையும் எழுதாத தாளையும் ஒரே விலைக்கு எடுக்கிறது. இவ்வளவு நடுநிலையான விமர்சகர் இலக்கிய உலகில் அபூர்வம்.

தொலைந்த மறுநாளே நோட்டின் உள்ளடக்கம் வளரத் தொடங்குகிறது. கையில் இருந்தவரை ‘மாமா, குடை, ரயில்?’ என்று மட்டும் இருந்த குறிப்பு ஒரு வாரத்தில் சிறுகதையாகிறது, மாதக் கடைசியில் நாவலாகிறது. மறுக்கச் சான்று கிடையாது, சான்றுதான் தொலைந்துவிட்டதே. 1922 டிசம்பரில் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் ஹெமிங்வேயின் கையெழுத்துப் படிகளோடு களவுபோன பெட்டியின் மதிப்பு இன்றுவரை ஏறிக்கொண்டிருப்பதும் இதே விதிப்படிதான்.

கார்லைலை இங்கே துணைக்கு அழைப்போர் உண்டு. அவருடைய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் தொகுதி 1835இல், நண்பர் மில்லிடம் படிக்கக் கொடுத்திருந்தபோது எரிந்துபோனது. அதை மீண்டும் எழுதி 1837இல் நூலாக வெளியிட்டார். ஆனால் அவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். யோசனை நோட்டுக்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை.

புது நோட்டு பழையதைவிட எப்போதும் விலை கூடியது. அதில் முதல் வேலையாகப் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதப்படும். இரண்டாவது வேலை, தொலைந்த யோசனைகளை நினைவிலிருந்து பட்டியலிடுவது. பட்டியல் நான்காவதோடு நிற்கும். ஐந்து என்ற எண்ணைச் சுற்றி வட்டம் மட்டும் போடப்பட்டிருக்கும். இருந்தவை நான்கே என்ற கருதுகோளை உரிமையாளர்கள் எவரும் ஏற்பதில்லை.

எஞ்சியிருப்பது மீட்பு. 1976இல் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில், கணிதவியலாளர் வாட்சன் விட்டுச்சென்ற தாள்களுக்கிடையே ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டு’ ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது. அது நோட்டே அல்ல, நூற்றுச்சொச்சம் தனித்தாள்கள். அவற்றை விளக்க ஆண்ட்ரூஸுக்கும் புரூஸ் பெர்ன்ட்டுக்கும் ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன. கிடைத்த பிறகு மதிப்பு கூடிய நோட்டு என்று துணிந்து காட்டத்தக்கது இது. மற்றவை பரணிலோ பழைய பையின் உள்ளறையிலோ அகப்பட்டு, நின்றபடியே புரட்டி முடிக்கப்படுகின்றன. அந்த மாமா யார், குடை எதற்கு என்பது உரிமையாளருக்கே விளங்குவதில்லை. எழுதாத தாள்கள் கிழிக்கப்பட்டு, வீட்டுப் பிள்ளையின் கணக்குப் பாடத்துக்கு ரஃப் ஆகின்றன.